பாதிப் பழி

வைரோங்கா என்ற அந்தச் சின்ன ஊரில் மெர்வின் கெலட்லியைப் புதிதாக யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டி வந்தால் அவன் ஜெயித்த பந்தயங்களைச் சொல்ல மாட்டார்கள். அது சீக்கிரம் முடிந்துவிடும், அப்புறம் பேச்சுக்கு என்ன செய்வது? முப்பத்தொரு வருஷமாகக் குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிறான், ஒரு நாள்கூடத் தடை வாங்கியதில்லை என்பார்கள். மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அஜாக்கிரதையாக ஓட்டியதற்காக இரண்டு வாரம், மூன்று வாரம் வெளியே உட்கார்ந்தவர்கள். அந்த நாட்களில் வேலி கட்டுவார்கள், தள்ளிப்போட்ட பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். டூகல் மக்காலியின் மூன்று பிள்ளைகளும் அவன் வாங்கிய தடைகளில் மூன்றின் கணக்கில் பிறந்தவை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மெர்வினுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்வார்கள்.

அவன் மனைவி ஷோனாதான் அந்தப் பெயரைக் கொஞ்சமும் மதிக்காதவள். "கட்டில்ல புரண்டு படுக்கணும்னாக்கூட பின்னாடி யாராவது வர்றாங்களான்னு தோளுக்கு மேல பாத்துட்டுத்தான் புரளுவாரு" என்று கடைத்தெருவில் வைத்தே சொல்லுவாள்.

உண்மை என்னவென்றால், மெர்வின் ஓட்டிய குதிரைகளில் பாதி, பந்தயத்தின் முக்கியமான கட்டத்தில் யாரும் விரும்பாத இடத்தில்தான் இருக்கும். வழிக்காக அடித்துக்கொள்ளும் கூட்டத்துக்கு இருபது கஜம் பின்னால் ஓடுகிறவன் யாரை இடிக்க முடியும்? இது மெர்வினுக்கும் தெரியும். ஆனால் இருபது வருஷம் கழித்து ஒரு ஒழுக்கத்தின் காரணத்தை யார் தோண்டிப் பார்க்கிறார்கள்?

அந்தப் பக்கத்து ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை. பந்தயத்தில் இரண்டு வண்டி உரசி, விவகாரம் விசாரணை அறைக்குப் போனால், அடிபட்டவர்தான் முதலில் பேசுவார். பேசும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் பழியை எடுத்துக்கொள்வார். நானும் சற்று அவசரப்பட்டுவிட்டேன் என்கிற மாதிரி ஏதாவது. அது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. உடனே இடித்தவர், அவர்மேல் தப்பே இல்லை, நான்தான் பார்க்கவில்லை என்று மிச்சத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டலில் பில் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பையைத் தொடுவது போன்ற ஒரு மரியாதை. பாதிப் பழி என்பார்கள். பழைய விசாரணைத் தலைவர் ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர். இரண்டு பாதியையும் கேட்டுக்கொள்வார், இடித்தவனுக்கு உரிய நாட்களைக் கொடுப்பார், இருவரையும் பொதுவாகத் திட்டி டீ குடிக்க அனுப்பிவிடுவார். யார் இடித்தது என்பது அவருக்கு அவர்கள் கதவைத் தட்டும் முன்பே தெரிந்திருக்கும்.

அவர் இறந்த பிறகு ரொனால்ட் பெல்ஷம் வந்தார். கிரைஸ்ட்சர்ச்சில் ஏதோ ஓர் அலுவலகத்தின் சட்டப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குதிரையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அதற்கு மேல் அவர் போக விரும்பவில்லை. பார்வையாளர் மாடத்துக்கு அடியில், சமையலறையை ஒட்டி இருந்த அந்தச் சின்ன அறைக்குத் தனக்கென்று ஒரு மெத்தைத் திண்டும், மைப் பேனாவும், அடிக்கோல் ஒன்றும் கொண்டுவருவார். 'இந்தக் குழு கருதுகிறது' என்றுதான் பேசுவார். குழுவில் அவர் ஒருவர்தான். மற்ற இரண்டு பேரில் ஒருவருக்குக் கீல்வாதம், இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார்.

பெல்ஷமுக்கு மெர்வினை ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாருக்குத் தடை கொடுத்தாலும் கடைசியில், "மிஸ்டர் கெலட்லியப் பாத்தாவது கத்துக்குங்க" என்று முடிப்பார். முதலில் மெர்வினுக்குக் கூச்சமாக இருந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு கூச்சம் போயிற்று. அப்புறம் பெல்ஷம் ஒரு தடவை அதைச் சொல்ல மறந்துவிட்டபோது, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஏன் என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

மார்ச் மாதம், தூறல் விழுந்த ஒரு சனிக்கிழமை, ஏழாவது பந்தயத்தில்தான் அது நடந்தது.

கடைசி வளைவு. மெர்வின் உள்வேலியை ஒட்டி, முன்னால் போகிற குதிரைக்கு நேர் பின்னே இருந்தான். முன்குதிரை களைத்துவிட்டது. அபூர்வமாக மெர்வினின் குதிரைக்கு இன்னும் ஓட்டம் மிச்சமிருந்தது. வலப்பக்கம் வெளியே வந்தால் வழி. வெளியே வருமுன் வலது தோளுக்கு மேல் பார்ப்பது அவன் வழக்கம், ஷோனா கிண்டல் செய்கிற அதே வழக்கம். அன்று பார்க்கவில்லை. வாரை இழுத்தான், குதிரை வெளியே வந்தது. அந்த நேரத்தில், "இருக்கேன் மெர்வ், இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. குரல் அவனுக்குக் கேட்டது. அவள் விலகிக்கொள்வாள் என்று நினைத்தான். அப்போதே நினைத்தானா, அல்லது நினைத்ததாகப் பிற்பாடு நினைத்துக்கொண்டானா என்பது அவனுக்கே பிடிபடவில்லை.

குரல் நைரி டல்லக்கினுடையது. கல்யாணம் ஆகாதவள், ஐம்பது வயது, வீட்டுக்குப் பின்னால் லாயம் வைத்து ஐந்து குதிரைகளைத் தானே பழக்கித் தானே ஓட்டுகிறவள். இளவயதில் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவியிருக்கிறாள். அவள் கத்தினால் கேட்கவில்லை என்று சொல்ல வைரோங்காவில் ஆள் கிடையாது. அவளுடைய குதிரையின் முன்கால் மெர்வினின் சக்கரத்தில் பட்டது. குதிரை தடுமாறி, நடை தவறி, பாய்ச்சலெடுத்தது. வண்டி சாய்ந்தது. நைரி ஈரப் புல்லில் விழுந்து இரண்டு புரள் புரண்டு எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. குதிரைக்கு ஒன்றுமில்லை, ஆளில்லாமலே ஒரு சுற்று போய்விட்டு வந்து நின்றது. மெர்வின் மூன்றாவதாக வந்தான்.

அரைமணி நேரத்தில் கண்காணிப்பாளர் ஓக்லி அவன்மேல் அஜாக்கிரதைக் குற்றச்சாட்டு எழுதி, எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். வீடியோ ஓடியது. கேமராக் கண்ணாடியில் மழைத்துளி. இரண்டு சாம்பல் நிறக் கறைகள் நெருங்கி வந்து மூன்றாகப் பிரிந்தன. மூன்றாவது கறை நைரி.

மெர்வின் ஒத்துக்கொள்கிற எண்ணத்தோடுதான் வந்தான். மாடிப்படி இறங்கும்போது அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டான். ஆனால் பெல்ஷம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, இப்படி ஒரு கேள்வியைக் கேட்க நேர்ந்ததற்கே வருந்துகிறவர்போல அவனைப் பார்த்தார்.

"மிஸ்டர் கெலட்லி, இந்தக் குற்றச்சாட்ட நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு இந்தக் குழு எடுத்துக்கலாமா?"

"மறுக்குறேன் சார்" என்று வந்துவிட்டது.

அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. வாயால் மறுத்துவிட்டு, அப்புறம் தன் பாதியை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நைரி சேறு காய்ந்த கால்சட்டையோடு, முழங்கையில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் தன் பாதியைச் சொன்னாள்.

"நானும் கொஞ்சம் வேகமா உள்ள வந்துட்டேன்னுதான் நெனைக்கிறேன். இன்னும் அகலமா வந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு லேசாக மெர்வின் பக்கம் திரும்பினாள். பந்தை எறிந்துவிட்டு, திரும்பி வரட்டும் என்று கையை நீட்டியபடி நிற்கிறவளைப் போல.

பெல்ஷமின் பேனா நின்றது. ஆண்டுக்கணக்காகக் கோப்புகளில் தேடியும் கிடைக்காத ஒன்று தானே நடந்து வந்து மேஜையில் ஏறி உட்கார்ந்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. 'வேகமா உள்ள வந்துட்டேன்' என்பதுதானே அவள் சொன்ன வார்த்தை என்று கேட்டார். ஆமாம் என்றாள். யாரும் வற்புறுத்தவில்லையே என்றார். இல்லை என்றாள், இன்னும் மெர்வினைப் பார்த்துக்கொண்டே. அவர் அந்த வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து ஒரு கோடு போட்டார்.

ஓக்லி இருமினார். இருபது வருஷ அனுபவஸ்தர், என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சார், ஒரு நிமிஷம், இங்க ஒரு பழக்கம் இருக்கு..." என்று ஆரம்பித்தார். பெல்ஷம் பேனாவை உயர்த்தினார். பழக்கங்கள் சாட்சியம் ஆகாது என்றார். பிறகு மெர்வினிடம் திரும்பினார்.

"மிஸ்டர் கெலட்லி, மிஸ் டல்லக் சொன்னதோட நீங்க சேர்க்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் யாரோ தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சீஸ் ரோல் வறுபடும் வாசனை வந்தது. மெர்வின் தட்டுகளை எண்ணினான். ஏழு, எட்டு. நான்கு வார்த்தை போதும். கேட்டுச்சு சார், நான்தான் பாக்கல.

"சேர்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

அடுத்த பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. மெர்வின்மேல் இருந்த குற்றச்சாட்டு தள்ளுபடி. அதே தாளின் பின்பக்கத்தில் நைரிமேல் புதிய குற்றச்சாட்டு. ஒத்துக்கொள்கிறாளா என்று கேட்கப்பட்டது. அவள் மெர்வினைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. காலையில் நன்றாக இருந்த குதிரை சாயங்காலம் நொண்டினால், எந்தக் கால் என்று நின்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"நான்தான் ஏற்கெனவே சொல்லிட்டேனே. ஒத்துக்கிறேன்."

மூன்று வாரத் தடை. உடனே ஒத்துக்கொண்டதால் நாலு வாரம் மூன்றாயிற்று என்று பெல்ஷம் விளக்கி, நன்றிக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். நைரி நன்றி சொல்லவில்லை. தடையை இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டாள்.

ஏன் என்று அந்த அறையில் பெல்ஷமைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்து வைரோங்கா கோப்பை. நைரியின் லாயத்தில் 'கோல்ட் டீ', அதாவது ஆறிப்போன டீ, என்று ஒரு பெண்குதிரை இருந்தது. அவள் கையிலேயே பிறந்து, அவள் கையாலேயே பழகி, வேறு யாரும் பந்தயத்தில் ஓட்டாத குதிரை. வயது எட்டு. அதன் தாய்க்கும் தாயின் தாய்க்கும் கோப்பை கிடைத்ததில்லை. இந்த ஓட்டத்தோடு அதை இனப்பெருக்கத்துக்கு அனுப்பிவிடுவதாக இருந்தாள். கோப்பையில் அதை ஓட்டுவதற்காகவே ஒரு வருஷமாக அதன் காலைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவந்தாள்.

பெல்ஷம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஏற்கெனவே பெயர் கொடுத்த பந்தயங்களுக்காகத் தடையைத் தள்ளிவைக்க விதி இடம் தருகிறது, கோப்பைக்குப் பெயர் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைதான் கொடுப்பார்கள் என்றாள். அப்படியானால் இல்லாத ஒன்றை இந்தக் குழு கண்ணால் காண இயலாது என்றார். தடை மறுநாளே ஆரம்பம்.

வெளியே டீ மேஜையில் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். டூகல் மக்காலி அவன் பக்கம் சர்க்கரைக் கிண்ணத்தைக்கூடத் தள்ளினான். ஆனால் கதவோரம் ஓக்லி டூகலிடம் அறையில் நடந்ததைச் சொன்னார், டூகல் தன் டீக் கோப்பையைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் ஷோனா விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றான் மெர்வின். அது பொய்யில்லை என்பதுதான் அவனை உறுத்தியது. அவள் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை நைரி போன் செய்தாள். மெர்வின் போனை எடுக்குமுன் கையைத் துடைத்துக்கொண்டான். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். கோல்ட் டீக்கு ஓட்டுநர் வேண்டும். அதன் வாயை நோகடிக்காத கை வேண்டும், இந்தப் பக்கத்தில் அவளுக்கு அடுத்தபடி அப்படிப்பட்ட கை அவனுடையதுதான். ஓட்டுகிறானா?

மெர்வின் உடனே ஓட்டுகிறேன் என்றான். போனை வைத்துவிட்டு லாயத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். கோப்பையை ஜெயித்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டான். அந்தக் கணக்கில் உண்மையைச் சொல்கிற வேலை எங்கும் வராததைக் கவனித்தான். கவனித்துவிட்டு, அது ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் கொண்டான். அந்த எரிச்சல் போகாததால் புதன்கிழமை பெல்ஷம் வீட்டுக்குப் போனான்.

பெல்ஷம் ரோஜாச் செடிகளுக்கு நடுவே, கையுறை போட்டுக்கொண்டு, செடிகள் ஒவ்வொன்றுக்கும் விசாரணை நடத்துகிறவர்போல நின்றுகொண்டிருந்தார். மெர்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான். அன்றைக்குத் தப்பு தன்மேல்தான். தோளுக்கு மேல் பார்க்கவில்லை. அவள் கத்தியது கேட்டது.

பெல்ஷம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் தெரிந்தது.

"மெர்வின், இத நான் எதிர்பாத்தேன்" என்றார். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஒரு பெண்ணோட தப்ப நீங்க உங்க தலையில போட்டுக்கப் பாக்குறீங்க. வேற யாருக்கு இந்த மனசு வரும்?"

"இல்ல சார், நெஜமாவே..."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல இருக்கு. கோடு போட்டிருக்கேன்." அவன் தோளில் கையுறைக் கையை வைத்தார். "இந்தப் பேச்சு நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். ஆனா அடுத்த மாசம் சங்கத்து விருந்துல, பேரு சொல்லாம, இத ஒரு உதாரணமா நான் சொல்லத்தான் போறேன். நீங்க தடுக்கக் கூடாது."

மெர்வின் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்லப் போனவன் ஒரு படி கூடுதல் நல்லவனாகி, கையில் நாலு ரோஜாவோடு திரும்பி வந்தான். இரண்டாம் தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஓக்லியிடம் போய், எழுதித் தருகிறேன் என்றிருக்கலாம். சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்க ஆளில்லை என்கிற ஆறுதல் அவனை அந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்க வைத்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு ரொம்ப வருந்தினான்.

அடுத்த வாரத்தில் மூன்று நாள் காலையில் நைரியின் இடத்துக்குப் போய்க் கோல்ட் டீயை ஓட்டிப் பழகினான். குதிரை அவன் கைக்கு முதல் நாளே பணிந்தது. நைரி வேலியில் சாய்ந்துகொண்டு, வளைவில் அது இடப்பக்கம் தலையைச் சாய்க்கும், சாய்க்கட்டும், இழுக்காதே என்பாள். ஓட்டம் முடிந்ததும் இருவரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். கடிவாளத்தைப் பற்றிப் பேசினார்கள், தரையின் ஈரத்தைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு ஓய்கிற ஒவ்வொரு இடத்திலும் நைரி டீயை ஊதினாள். டீ ஆறிய பிறகும் ஊதிக்கொண்டிருந்தாள். மெர்வின் உடனே வேறு ஏதாவது கேட்டுவிடுவான்.

கோப்பை நாளன்று வெயில் அடித்தது. பத்துக் குதிரைகள். கோல்ட் டீக்கு உள்வேலியை ஒட்டிய முதல் இடம் கிடைத்தது. ஓட்டத்துக்கு நல்ல இடம், பக்கத்தில் யாராவது வழி விட்டால். கிளம்பிய வேகத்தில் மெர்வின் இரண்டாவதாக, முன்குதிரையின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். காற்றெல்லாம் முன்குதிரைக்கு, கோல்ட் டீக்குச் சுகம். அவனுக்கு வெளிப்பக்கத்தில், சக்கரத்துக்குச் சக்கரமாக டூகல் மக்காலி. இரண்டு சுற்று அப்படியே போயிற்று. வார் வழியாகக் குதிரையின் பலம் மெர்வினின் முழங்கை வரை வந்து தட்டியது. இப்படி ஒரு குதிரையை அவன் வாழ்நாளில் பிடித்ததில்லை.

கடைசி அரை மைலில் முன்குதிரை தளர ஆரம்பித்தது. டூகலின் குதிரைக்கும் மூச்சு வாங்கியது, இந்தப் பந்தயம் தனக்கில்லை என்று டூகலுக்கே தெரிந்திருக்கும். இந்த மாதிரி நேரத்தில் உள்ளே இருக்கிறவன் கேட்பான், வெளியே இருக்கிறவன் ஒரு முழம் விலகுவான். விதி அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வைரோங்காவில் அப்படித்தான்.

"டூகல், குதிரையில ஓட்டம் நெறைய மிச்சமிருக்கு. கொஞ்சம் விடேன்" என்றான் மெர்வின்.

டூகல் திரும்பவில்லை. தன் குதிரையின் காதுகளுக்கு நடுவே நேராகப் பார்த்துக்கொண்டே, சத்தம் போடாமல் பதில் சொன்னான்.

"எனக்கும் சேர்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, மெர்வ்."

பின்னால் இருந்த வண்டியிலிருந்து யாரோ சிரித்தார்கள். டூகல் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. தன் இடத்தில் தான் ஓடுகிறான், அவ்வளவுதான். வீடியோவை நூறு தடவை போட்டுப் பார்த்தாலும் பெல்ஷம் அவனைப் பாராட்டத்தான் செய்வார்.

ஒரு வழி இருந்தது. சக்கரத்தால் டூகலை வெளியே தள்ளலாம். கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ளினால் அனுமதி உண்டு, சட்டென்று தள்ளினால் அஜாக்கிரதை. கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ள இப்போது தூரம் இல்லை. டூகலின் குதிரை பெரியது, அமைதியானது, ஒரு தட்டுக்கு அது விழாது. அவனுக்கு வெளியே யாரும் இல்லை. மெர்வின் இந்தத் தடவை வலது தோளுக்கு மேல் பார்த்தான், ரொம்பத் தெளிவாகப் பார்த்தான். இடம் இருந்தது. கை வாரை இறுக்கியது. முப்பத்தொரு வருஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது.

கடைசி நேர்கோட்டில் மற்ற குதிரைகள் வெளிப்புறமாக ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின. கோல்ட் டீ முன்வண்டிக்காரனின் முதுகில் மூக்கு இடிக்க, தலையை உதறி உதறி, இழுத்துக்கொண்டே வந்தது. ஐந்தாவது.

லாயத்துக்கு முன்னால் நைரி காத்திருந்தாள். தடையில் இருக்கிறவர்கள் ஓட்டுநர் பகுதிக்குள் வரக்கூடாது என்பதால் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். குதிரையின் கழுத்தைத் தொட்டாள். கையைத் திருப்பிப் பார்த்தாள், வியர்வை ஒட்டாமல் உலர்ந்திருந்தது.

"டூகலத் தள்ளியிருந்தா பெல்ஷம் எத்தன நாள் குடுத்திருப்பான்?" என்று கேட்டாள்.

"மூணு வாரம்."

"ம்."

வண்டியைக் கழற்ற அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் நின்றார்கள். வார் அவிழ்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் குதிரை நின்றதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"நைரி, அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு."

"கேக்காம எப்படி இருக்கும்? நான் கத்தினா கடல்ல போற படகுக்கே கேக்கும்." அவள் குரலில் கோபம் இல்லை. "என் பாதிய நான் சொன்னேன். உன் பாதி வரும்னு நின்னேன். அந்த ரூம்ல நின்னேன், அப்புறம் வாளி மேல உக்காந்து மூணு நாள் நின்னேன்."

"போன வாரம் புதன்கிழமை பெல்ஷம்கிட்டப் போய்ச் சொன்னேன். அவரு நம்பல."

குதிரைக்கு அந்தப் பக்கம் வார் அவிழ்க்கும் சத்தம் நின்றது.

"பெல்ஷம்கிட்ட சொன்னியா?" என்றாள். "விழுந்தவ நான், மெர்வ்."

நைரி கடைசி வாரை உருவி, வண்டியின் இரண்டு கைக்கம்புகளையும் அவன் கையில் கொடுத்தாள். குதிரை நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. பந்தயம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்பதுபோல மைதானத்தின் பக்கமே பார்த்தது.

"ஓடாத ஓட்டம் உடம்புக்குள்ளயே கெடக்கு. இப்படியே கட்டினா ராத்திரிக்கு வயிறு வலிக்கும்" என்றாள், அவனிடமா குதிரையிடமா என்று தெரியவில்லை.

அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார்கள் நிற்கும் புல்வெளியைச் சுற்றிக் கோல்ட் டீயை நடத்த ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குதிரை அவளை முந்தப் பார்த்தது, அவள் ஓட்டமும் நடையுமாகக் கூடவே போனாள். மெர்வின் காலி வண்டியைப் பிடித்தபடி நின்றான். வழியை மறித்து நிற்கிறோம் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக இழுத்தான்.